இரண்டு தூதர்களின் அரிச்சுவடி

ஜாவாத் தீவில் எழுத்துப் படிக்கத் தொடங்கும் பாலன் முதன்முதலில் வாய்விட்டுச் சொல்லும் பாடம் ஒரு மரணத்தின் கதை. வரிக்கு ஐந்தெழுத்தாக நான்கு வரிகளில் அமைந்த இருபது அக்ஷரங்களை, ‘ஹ ந ச ர க’ என்று தொடங்கி வரிசை பிறழாமல் அவன் ஒப்பித்து முடிக்கும்போது, தூதர் இருவர் இருந்தனர், அவர்களுக்குள் பிணக்கு மூண்டது, வலிமையில் இருவரும் நிகராக நின்றனர், இதோ இருவரும் பிணமாய்க் கிடக்கின்றனர் என்று பொருள்படும் நான்கு வாக்கியங்களையும், பொருள் அறிந்தோ அறியாமலோ, சொல்லி முடித்தவனாகிறான். உயிரெழுத்து முதலாகப் பிறப்பிடம் பற்றி வகுத்த நெடுங்கணக்கில் பழகிய நமக்கு, எழுத்து வரிசையே கதையாக இருப்பது விந்தையாகத் தோன்றும். ஆறு கோடிக்கும் அதிகமான மக்கள் பேசும் ஒரு மொழியின் பழைய லிபி, அதை அன்றாடம் எழுதுவோர் அருகிப்போன பின்னரும் அம்மக்களின் நினைவிலிருந்து அகலாமல் நிற்பதற்கு, அந்தக் கதையே ஒரு முக்கிய காரணம் என்று கருதுகிறேன்.

கதை இதுதான். மெடாங் கமுலான் என்னும் நாட்டைத் தேவத செங்கர் என்ற நரமாமிச பக்ஷணியாகிய அரசன் ஆண்டுவந்தான். குடிகளில் ஒருவர் மாற்றி ஒருவர் அவனுக்கு இரையாகிவந்த காலத்தில், வேற்று நாட்டிலிருந்து வந்த ஆஜி சாக்கா என்னும் வீரன் தன்னையே உணவாக ஒப்புக்கொடுத்து, அதற்கு ஈடாகத் தன் தலைப்பாகை விரியும் அளவு நிலம் மட்டும் வேண்டும் என்று கேட்டான். தலைப்பாகை விரிந்துகொண்டே போய் நாடு முழுவதையும் மூடிவிட, கால் வைக்க இடமின்றிப் பின்வாங்கிய அரசன் கடலில் வீழ்ந்தான். மூன்றடி மண் இரந்த வாமனனை அறிந்தவர்களுக்கு இந்தத் தலைப்பாகையின் பூர்வீகத்தை விளக்க வேண்டியதில்லை. அரசனான ஆஜி சாக்கா, தான் முன்பு ஒரு தீவில் விட்டுவந்த குலதனமாகிய குறுவாளைக் கொண்டுவருமாறு தோரா, செம்படா என்னும் இரு பணியாளரில் தன்னுடன் வந்தவனை அனுப்பினான். தன் கையிலன்றி வேறொருவர் கையிலும் அதைக் கொடுக்கலாகாது என்று காவலிருந்த மற்றவனுக்குத் தானே இட்டிருந்த ஆணையை அவன் மறந்துபோனான். ஒருவனுக்குக் கொண்டுவரச் சொன்ன கட்டளை, ஒருவனுக்குக் கொடுக்காதே என்ற கட்டளை. இரண்டும் ஒரே எஜமானனுடைய வாக்கு. விசுவாசத்தில் ஒருவருக்கொருவர் குறையாத அவ்விருவரும் பொருது மடிந்தனர். நடந்ததை அறிந்து மனம் நைந்த அரசன் அவர்கள் நினைவாக அமைத்தவையே இந்த இருபது எழுத்துகள் என்பது ஐதிகம்.

கி.பி. 78-இல் தொடங்கும் சக வருஷத்தின் பெயரையே தாங்கிய இவ்வரசன் சரித்திர புருஷன் என்று யாரும் வாதிக்கப் போவதில்லை. ‘ஹ ந ச ர க’ வரிசை சுமார் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து அறியப்படுகிறது. அதற்கு முன்னர் இந்திய நெடுங்கணக்கின் வரிசையே அங்கும் வழங்கியது. இருபது ஒலிகளில் ஒன்றுகூட மீளாமலும் விடுபடாமலும், அவற்றைக் கொண்டே பொருளுள்ள நான்கு வாக்கியங்களைக் கட்டியவர் பெரும் புலவராக இருக்கலாம். ஆனால் அவர் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து அலுத்த ஓர் உபாத்தியாயராகவும் இருந்திருக்க வேண்டும் என்றே என் மனம் சொல்லுகிறது. மறந்துபோகும் ஒன்றை மறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்ற கவலை, வகுப்பறையில் நின்றவர்களுக்குத்தான் அவ்வளவு ஆழமாக உண்டாகும்.

வரிசை ஜாவாவில் பிறந்தது; எழுத்தின் வடிவமோ நம் கரையிலிருந்து சென்றது. மேற்கு ஜாவாவில் சிஆருதூன் என்னுமிடத்தில், பூர்ணவர்மன் என்ற அரசனுடைய பாதச்சுவடுகளோடு பாறையில் பொறித்த 5-ஆம் நூற்றாண்டுச் சாசனமும், நடு ஜாவாவில் சஞ்சய மன்னன் 732-இல் நாட்டிய சங்கல் சாசனமும் சம்ஸ்கிருத பாஷையில், பல்லவ லிபி என்று அறிஞர் பெயரிட்ட எழுத்தில் அமைந்தவை. காஞ்சியிலும் மாமல்லபுரத்திலும் கிரந்தமாக வளர்ந்த அதே குடும்பத்து எழுத்து அங்கே காலக்கிரமத்தில் கவி லிபியாகத் திரிந்து, 804-ஆம் ஆண்டைச் சேர்ந்த சுகபூமி சாசனத்தில் ஜாவா மொழியையே எழுதும் கருவியாயிற்று. மணிமேகலை கூறும் சாவக நாடு இதுவே என்பது அறிஞர் பலருடைய அபிப்பிராயம். அந்த உறவைப் பாறைகளில் தேடிப் போக வேண்டியதுமில்லை. ஜாவாச் சிறுவனின் பலகையிலேயே அது இருக்கிறது. நாம் ‘கொ’ என்று எழுதும்போது எழுத்துக்கு முன்னே ஒரு கொம்பும் பின்னே ஒரு காலும் இடுகிறோமல்லவா? அவனும் ‘கொ’ எழுத, எழுத்துக்கு முன்னே ‘தாலிங்’ என்ற குறியையும் பின்னே ‘தாருங்’ என்ற குறியையும் இடுகிறான். நாவை மடித்து ஒலிக்கும் டகரத்தையும் பல்லில் பட ஒலிக்கும் தகரத்தையும் வேறு வேறு எழுத்தாகவே அவன் கற்கிறான்.

வல்லொலிகளில் மூச்சேறிய சம்ஸ்கிருத எழுத்துகளை ஜாவா மக்களின் நா ஏற்கவில்லை. ஒலி உதிர்ந்துபோனபின் அந்த எழுத்து வடிவங்களை அவர்கள் வீசியெறியாமல், ‘முர்த’ என்ற பெயரில், அரசர் பெயரையும் பெரியோர் பெயரையும் ஊர்ப்பெயரையும் கௌரவமாக எழுதுவதற்கென்று ஒதுக்கிவைத்தனர். கடிதம் எழுதினால், எழுதுகிறவர் பெறுகிறவருக்கு மேற்பட்டவரா, ஒத்தவரா, கீழ்ப்பட்டவரா என்பதற்கேற்பத் தொடக்கத்தில் இடும் சுழியும் மாறும். பேச்சிலேயே மரியாதைக்கெனத் தனிச் சொற்களஞ்சியம் வைத்திருக்கும் அம்மக்களுக்கு, எழுதக் கற்பதும் ஒழுக்கம் கற்பதும் ஒரே பாடமாக இருந்தன.

பழைய நாளில் அந்தப் பாடம் நடந்த விதத்தை, எழுத்துறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைக் கொண்டே ஒருவாறு ஊகிக்கலாம். உயிர்க்குறி எதுவும் சேராத எழுத்து ‘லெகெனா’, அதாவது ஆடையற்றது. அதன்மேல் இடும் குறிகள் ‘சண்டாங்ஙன்’, அதாவது உடைகள். இகரத்துக்குத் தலைமேல் இடும் குறி ‘வுலு’, மயிர். உகரத்துக்குக் காலடியில் இடுவது ‘சுகு’, பாதம். எழுத்தின்மேல் படர்ந்து ரகர ஒற்றைக் காட்டுவது ‘லாயர்’, கப்பற்பாய். இடையில் ரகரம் புகும்போது சுற்றிவளைப்பது ‘சக்ரா’. வாக்கிய இறுதியில் உயிரைப் போக்கி ஒற்றாக்கும் குறி ‘பங்கோன்’, அதாவது மடி. உயிர் நீத்த எழுத்தை மடியில் ஏந்திக்கொள்வதுபோல் அது அருகில் அமர்கிறது. இலக்கண ஆசிரியர் சூட்டிய பெயர்களாக இவை ஒலிக்கவில்லை. தாயும் ஆசானும் பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்ன பெயர்கள் இவை. எழுதப்பட்டவையும், பனையோலையிலும், காகித முசுக்கட்டை மரப்பட்டையைத் தட்டி மெலிதாக்கிய ‘ட்லுவாங்’ என்னும் தாளிலும், பின்னர் ஐரோப்பியக் காகிதத்திலும், பெரும்பாலும் பாட்டே. நூலைக் கையில் எடுத்தவர் தமக்குள் வாசித்துக்கொள்ளவில்லை. ‘மாசபாத்’ என்னும் சந்தங்களில் வாய்விட்டுப் பாடினார், சுற்றியிருந்தவர்கள் கேட்டனர். மத பாடசாலைகளாகிய ‘பெசந்த்ரென்’களில் அரபு எழுத்தைக் கொண்டு ஜாவா மொழியை எழுதும் ‘பேகோன்’ முறையும் பரவியிருந்தது. 1802-இல் பிறந்து சுரகர்த்தா அரசவையின் பெருங்கவிஞராக விளங்கிய ரொங்கோவர்சீதோ, இளமையில் தெகல்சாரிப் பெசந்த்ரெனில் பயின்றவர்.

அச்சு யந்திரம் வந்த வரலாற்றில் மீண்டும் இந்தியா குறுக்கிடுகிறது. செமாராங்கில் ஊழியம் செய்த புரூக்னர் என்ற பாதிரியார் ஜாவா எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட விரும்பி, அதற்கான அச்சுகளை வார்ப்பிக்க 1820-களின் இறுதியில் வங்காளத்து ஸ்ரீராம்பூருக்கே கடல் கடந்து சென்றார். அரும்பாடுபட்டு அச்சிட்டுக் கொண்டுபோன பிரதிகள் மக்கள் கைக்குச் சேராதபடி டச்சு அரசாங்கத்தார் தடுத்துவிட்டனர். அடுத்த பத்தாண்டில் தாக்கோ ரூர்டா என்ற டச்சுப் பண்டிதர், சுரகர்த்தா அரண்மனை எழுத்தரின் கையெழுத்தை மாதிரியாகக் கொண்டு ஹாலந்தில் வெட்டுவித்த அச்செழுத்தே நிலைபெற்றது. கொத்துமல்லி விதைபோல் உருண்ட ‘ஙெதும்பார்’, செங்கல் அச்சில் வார்த்தாற்போல் சதுரமான ‘ம்பாத சரிம்பக்’ என்று கைக்குக் கை வேறுபட்ட அழகுகளெல்லாம் ஒதுங்க, ஒரு நகரத்துச் சாய்ந்த எழுத்தே பாடப்புத்தக எழுத்தாயிற்று. 1855-இல் சுரகர்த்தாவிலிருந்து ‘ப்ரமார்தனி’ என்ற பத்திரிகை இவ்வெழுத்தில் வெளிவந்தது. 1848-இல் ஜாவாக்காரருக்கான பாடசாலைகளுக்கென ஆண்டுக்கு 25,000 கில்டர் ஒதுக்கிய டச்சு அரசாங்கம், 1852-இல் சுரகர்த்தாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் திறந்தது; 1907 முதல் மூன்றாண்டுப் படிப்பைத் தரும் கிராமப் பள்ளிகளும் தோன்றின. கற்பிப்பது பெருகவே, ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுவது இடையூறாயிற்று. 1922-இல் சுரகர்த்தாவின் ஸ்ரீவெடாரியில் எழுத்து முறைக்கு ஒரு பொது விதி வகுக்கப்பட்டது.

அதே 1922-இல், ஜூலை மாதம் 3-ஆம் தேதி, யோக்யகர்த்தாவில் கீ ஹஜார் தேவந்தாரா ‘தமன் சிஸ்வா’ என்னும் வித்யாசாலையைத் தொடங்கினார். அரசகுலத்தில் பிறந்து, டச்சு ஆட்சியைக் கண்டித்து எழுதியதற்காக நாடு கடத்தப்பட்டு மீண்ட அவர், அந்நிய நாட்டுக் கல்விமுறையை அப்படியே நகலெடுக்க மறுத்தார். பாட்டும் கதையும் ஆட்டமும் பிரிந்து நிற்கும் பாடங்கள் அல்ல, மூன்றையும் ஒருங்கே கலந்துதான் ஜாவாக் குழந்தையின் மனத்தில் எதையும் பதிக்க முடியும் என்பது அவருடைய கொள்கை. 1930-இல் வெளியான ‘சாரி ஸ்வர’ என்ற அவரது நூல் இந்த முறைக்கு அடிப்படையாயிற்று. ஓசை, உருவம், அசைவு ஆகியவற்றை ஒன்றுசேர்த்துக் கற்பிப்பதைப் பல்லூடகம் என்று இன்று நாம் அழைக்கிறோம். மின்சாரம் சேராத பல்லூடகம் தமன் சிஸ்வாவின் முற்றத்தில் முன்பே நடந்துகொண்டிருந்தது.

பின்னர் வந்த வீழ்ச்சி விரைவானது. ரோமன் எழுத்து அச்சுக்கு மலிவாகவும் உத்தியோகத்துக்கு வழியாகவும் இருந்தமையால் ஏற்கெனவே மேலோங்கிக்கொண்டிருந்தது. 1942-இல் தொடங்கிய ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது ஜாவா எழுத்தின் புழக்கம் அடியோடு குன்றியது. சுதந்திரத்துக்குப்பின் தேசிய மொழியாகிய இந்தோனேசிய மொழியும் ரோமன் எழுத்தும் நாடு முழுவதையும் பிணைக்கும் கயிறாயின. ஜாவா எழுத்து தெருப்பெயர்ப் பலகைகளிலும், அரண்மனை வாயில்களிலும், தொடக்கப்பள்ளிப் பாடப்புத்தகத்தின் சில பக்கங்களிலும் ஒடுங்கியது. தாயும் தந்தையும் படிக்க அறியாத எழுத்தை, வீட்டில் ஒரு நூலும் இல்லாத எழுத்தை, வாரத்துக்கு இரண்டு பாடவேளையில் பிள்ளைகள் கற்க வேண்டியதாயிற்று.

நடு ஜாவா மாகாணம் 2012-ஆம் ஆண்டின் 9-ஆம் பிரதேசச் சட்டத்தால் ஜாவா மொழி, இலக்கியம், எழுத்து ஆகியவற்றின் பாதுகாப்பைத் தன் கடமையாக ஏற்றது. யோக்யகர்த்தாவிலும் கிழக்கு ஜாவாவிலும் அவ்வாறே பள்ளிகளில் ஜாவா மொழி உள்ளூர்ப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் சட்டம் வகுப்பறையின் வாசல்வரைதான் வரும். உள்ளே நிற்பவர், பல வேளைகளில் தாமே இந்த எழுத்தைத் தடுமாறித் தடுமாறிப் படிக்கும் ஆசிரியர். இருபது எழுத்தையும் கதையின் துணையால் பிள்ளைகள் கற்றுவிடுகின்றனர். உடைகளையும் ஒருவாறு பழகுகின்றனர். அவர்கள் கால் இடறும் இடம் ‘பசாங்ஙன்’.

பசாங்ஙன் என்றால் துணை, இணை. ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு உடல் உண்டு. சொல்லின் நடுவில் ஒரு மெய்யின் உயிர் நீங்க வேண்டுமானால், நாம் புள்ளி வைத்துவிடுகிறோம்; ஜாவா எழுத்தில் அடுத்து வரும் எழுத்து தன் இரண்டாம் உடலை எடுத்துக்கொண்டு முந்தைய எழுத்தின் கீழே சென்று தொங்குகிறது. சில துணைகள் தாயெழுத்தின் ஜாடையே அற்றவை. ஹ, ஸ, வல்லொலி ப (p) ஆகியவற்றின் துணைகள் கீழே செல்லாமல் பக்கத்திலேயே நிற்கும். சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கமும் இல்லாததால், இந்த இணைப்பு சொல்லின் எல்லையையும் தாண்டிவிடும். ‘மனுக் பிரு’, நீலப்பறவை என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதற்சொல்லின் இறுதியில் உள்ள ககர ஒற்றின் கீழே, அடுத்த சொல்லின் மெல்லொலிப் பகரம் (b) போய்த் தொங்கும்; பகரத்துக்குரிய இகரக் குறியோ, கீழே பகரத்தோடு ஒட்டாமல், மேலே ககரத்தின் தலையில் ஏறி நிற்கும். தலையில் மயிர் முளைத்த ககரத்தைக் கண்ட குழந்தை அதைக் ‘கி’ என்று படித்தால், அக்குழந்தைமேல் பிழை சொல்ல எவருக்கு மனம் வரும்? அச்சிட்ட பக்கம் முடிந்துபோன உருவத்தை மட்டுமே காட்டுகிறது. எழுத்து இறங்கியது, உயிர் நீங்கியது, குறி மேலேறியது என்ற மூன்று நிகழ்ச்சிகளும் அந்த உருவத்துக்குள் மறைந்து கிடக்கின்றன.

இந்த இடத்தில்தான் கணினி மெய்யாகவே உபாத்தியாயருக்குத் துணையாக வந்தது. யோக்யகர்த்தா, சுரகர்த்தா, செமாராங் நகரங்களில் ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள், இந்நூற்றாண்டில் தங்கள் பட்ட ஆய்வுக்கென, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஜாவா எழுத்துப் பயில்வதற்கான ஊடாட்டப் பல்லூடகப் பாடங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து குறுந்தகட்டில் பதித்தார்கள். முன்னோடிகளுக்கு இருந்த இடர் சிறிதன்று. கணினிக்கு ஜாவா எழுத்தே தெரியாது. ரோமன் எழுத்துகளின் இடத்தில் ஜாவா உருவங்களை வைத்த எழுத்துருக்களைக் கொண்டு சமாளித்தனர்; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாடம் முழுவதும் பொருளற்ற ரோமன் கிறுக்கலாகிவிடும். நம் தமிழ் எழுத்துருக்களோடு போராடியவர்களுக்கு இந்த வேதனை புதிதன்று. ஒவ்வோர் எழுத்தையும் படமாக வரைந்து ஒட்டுவதே பலருக்கு வழியாயிற்று. 2009 அக்டோபரில் வெளியான யூனிகோடின் 5.2 பதிப்பில் ஜாவா எழுத்துக்கு 91 குறியிடங்கள் கிடைத்த பின்னரே, ஒரு கணினியில் எழுதியதை மற்றொரு கணினி எழுத்தாகவே அறிந்துகொள்ளும் காலம் பிறந்தது. அதன் பின்னும், துணையெழுத்தைச் சரியாகக் கீழே இறக்கத் தெரிந்த மென்பொருள் பரவுவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

இந்தப் பாடங்களின் பொது அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. ஆஜி சாக்காவின் கதை சித்திரப்படமாக ஓடும். எழுத்தைத் தொட்டால் ஒலி கேட்கும். அது எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்பதைக் கோடு தானே வரைந்து காட்டும். இறுதியில் கேள்வியும் மதிப்பெண்ணும், கைதட்டல் ஓசையும் உண்டு. கைதட்டல் எனக்கு முக்கியமாகத் தோன்றவில்லை. கதையும்கூட, பாட்டியார் சொல்லும் கதைக்கு ஈடாகாது. ஆனால் ‘மனுக்’ என்ற சொல்லின் அருகே ‘பிரு’ வந்து நிற்க, குழந்தையின் விரல் பட்டதும் பகரம் உருமாறிக் கீழே இறங்க, ககரத்தின் உயிர் நீங்க, இகரக் குறி மெல்ல மேலேறி அமர்வதைத் திரையில் கண்ணாரக் காட்டும் ஒரு பாடம், பல நூற்றாண்டுகளாக எந்த ஓலையும் எந்த அச்சுப் புத்தகமும் செய்ய இயலாததைச் செய்துவிடுகிறது. ஆசானின் கை மட்டும் செய்துவந்த காரியம் அது. அதையும் அவர் ஒரு முறை, இரண்டு முறை, மிஞ்சினால் பத்து முறை செய்வார். பின்வரிசையில் உள்ள பிள்ளைக்குப் பதினோராவது முறை தேவைப்படுமானால், அதைக் கேட்க அதற்கு நா எழாது. திரையிடம் கேட்பதற்கு அந்தப் பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை.

அந்தக் குறுந்தகடுகளில் பல இன்று திறப்பதில்லை. அவற்றைச் செய்யப் பெரிதும் பயன்பட்ட அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கட்டிய பாடங்களைக் கைப்பேசிக்கென மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. ஓலை நைந்தால் வேறோர் ஓலையில் பெயர்த்தெழுதும் தொழில் ஜாவாவுக்குப் புதிதில்லையாதலால், அந்த வேலையும் நடந்துவருகிறது. 2021 மார்ச்சில் யோக்யகர்த்தாவில் கூடிய முதலாவது ஜாவா எழுத்து மாநாட்டில் எழுத்து விதிகளோடு எழுத்துருவும் கணினிமயமாக்கமும் விவாதப் பொருளாயின. ஸ்ரீவெடாரி விதிக்கும் பிற்கால விதிகளுக்கும் இடையிலான வழக்கு நூறாண்டை எட்டும் தறுவாயிலும் சூடு ஆறாமல் இருந்தது. எழுத்து விதிக்காகச் சினந்து வழக்காடும் மக்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சியையே தந்தது.

படிக்கக் கற்ற பிள்ளை எதைப் படிக்கும் என்ற கவலைதான் எஞ்சியிருந்தது. 1812-இல் ஆங்கிலேயப் படை யோக்யகர்த்தா அரண்மனையைச் சூறையாடியபோது அங்கிருந்த ஏடுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் தங்கிவிட்ட அவ்வேடுகளில் 75 பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, 2019-இல் அப்படங்களை யோக்யகர்த்தா சுல்தானிடம் அளித்தனர்; இணையத்திலும் யாவரும் காணுமாறு வைத்தனர். மூல ஏடுகள் இன்னும் லண்டனில்தான் இருக்கின்றன. படங்கள் மட்டும், ‘ஹ ந ச ர க’ படிக்கும் பிள்ளை கையில் வைத்திருக்கும் அதே கைப்பேசியில், பொன்வண்ணம் தீட்டிய விளிம்புகளோடு விரிகின்றன. கோட்டின் கீழே கொடியில் காயும் துணிகள்போல் இடைவெளியின்றித் தொங்கும் எழுத்துகளில் சொல் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தேடி, ஒரு விரல் முதல் வரியில் நகர்கிறது. துணையெழுத்து ஒன்று எதிர்ப்பட்டதும் சற்றே நின்று, மேலே பார்த்து, கீழே பார்த்து, மறுபடியும் நகர்கிறது.